கௌதாரிக் கண்ணியும் காடைக் கூண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தை அறுவடை முடிந்து வயல்கள் வெறும் தாளாகக் கிடக்கும் நாட்களில்தான் எனக்குப் பறவை பிடிக்கும் கண்ணியைப் பற்றிய கடிதங்கள் அதிகம் வருகின்றன. மறைவு குறைந்துபோன பறவைகள் வரப்போரப் புதர்களில் ஒதுங்குகின்றன. பிடிப்பவர்களும் அங்கேயே வருகிறார்கள். இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் கருவேலங்காடு. முள்வேலியின் இடைவெளி ஒன்றில், தரையோடு தரையாக, ஒரு கயிற்றில் வரிசையாகச் சிறு நைலான் சுருக்குகள் கட்டியிருப்பதை மாணவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். இது என்ன? பிடுங்கி எறியலாமா? (ஓர் ஆசிரியை, அருப்புக்கோட்டை)

அது கௌதாரிக் கண்ணி. கௌதாரி இறக்கையைவிடக் காலை நம்பும் பறவை. ஆபத்து வந்தால் முதலில் ஓடும். வேறு வழியே இல்லாதபோதுதான் படபடவென எழும்பிச் சிறிது தூரம் பறந்து மறுபடியும் புதருக்குள் இறங்கும். மேயப் போவதற்கும் திரும்புவதற்கும் ஒரே தடத்தைப் பயன்படுத்தும். அந்தத் தடம் முள்வேலியில் எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் அங்கே சுருக்கை வைக்கிறான்.

முன்பு இந்தச் சுருக்குகளைக் குதிரைவால் முடியில் திரித்தார்கள். முடி இற்றுப்போகும். வைத்தவன் மறந்தாலும் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கண்ணி தானாகவே செத்துவிடும். இப்போது எல்லாம் தங்கூசி என்னும் நைலான் நரம்பு. அது வெயிலுக்கும் மழைக்கும் லேசில் அசையாது. வைத்தவன் ஊரைவிட்டே போன பிறகும் அது பிடித்துக்கொண்டிருக்கும். கீரி, முயல், உடும்பு, மயில் குஞ்சு என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

ஒருமுறை அப்படி மறக்கப்பட்ட கண்ணி ஒன்றில் ஒரு பெட்டைக் கௌதாரியைப் பார்த்தேன். முளைக்குச்சியைச் சுற்றி மண் வட்டமாகப் பெருக்கிவிட்டதுபோல் இருந்தது. அது அத்தனை முறை சுற்றியிருக்கிறது. நரம்பு காலின் தோலை அறுத்து எலும்பைத் தொட்டிருந்தது. இரண்டு முழம் தள்ளி, புல்லுக்குள் நெல்லிக்காய் அளவு குஞ்சுகள் இரண்டு அசையாமல் பதுங்கியிருந்தன. அன்றிலிருந்து என் பையில் நகவெட்டி ஒன்று எப்போதும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: மாணவர்களைத் தொடவிடாதீர்கள். கண்ணி இருக்கிற நிலையிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பிடுங்கி எறிந்தால் சான்று போய்விடும். வைத்தவன் பத்தடி தள்ளி மறுபடி வைப்பான். ஆனால் பறவை உயிரோடு மாட்டியிருந்தால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு துண்டைத் தலைமேல் போட்டு மூடுங்கள். இருட்டில் அது அடங்கும். இறக்கையோடு சேர்த்து மெல்லப் பிடித்து, முதலில் முளைக்குச்சிப் பக்கத்து நரம்பையும் பிறகு காலில் இறுகியதையும் வெட்டுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கால் ஊன்ற முடிந்தால் அதே இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதன் ஜோடியும் குஞ்சுகளும் அங்கேதான் இருக்கும்.

எங்கள் தெருவில் ஒருவர் மூங்கில் கூண்டில் கௌதாரி வளர்க்கிறார். ஆசைக்குத்தான் என்கிறார். ஆனால் விடியற்காலையில் கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போகிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்றவர், சிவகங்கை மாவட்டம்)

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பழக்கிய பறவையை வைத்துக் காட்டுப் பறவையைப் பிடிக்கும் முறை மிகப் பழையது. இப்படிப் பழக்கி வைக்கும் உயிருக்கென்றே தமிழில் ஒரு சொல் உண்டு: பார்வை. பெரும்பாணாற்றுப்படையில் விளாமரத்தடியில் கட்டிக்கிடக்கும் பார்வை மான் வருகிறது. புதரில் மறைந்திருந்து பறவை பிடிக்கும் வேட்டுவனைத் திருவள்ளுவர் 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்று, தவவேடத்தில் தீமை செய்பவனுக்கு உவமையாக்கினார். வேட்டுவன் ஒளிந்திருப்பது அவருக்கே உறுத்தியிருக்கிறது.

கௌதாரிச் சேவல் தன் எல்லையைக் குரலால் காப்பது. கூண்டுச் சேவல் விடியலில் கூவினால், அந்த நிலத்துக்குரிய சேவல் 'என் இடத்தில் இவன் யார்' என்று சண்டைக்கு வரும். கூண்டைச் சுற்றிலும் கண்ணி. முதலில் வருவது எது என்று யோசித்துப் பாருங்கள். பயந்தது வராது. தன் பெட்டையையும் குஞ்சுகளையும் காக்கத் துணிந்து நிற்கும் சேவல்தான் வரும். ஒரு புதர்க்காட்டின் நல்ல சேவல்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் வேலை இது. இதனால்தான் இந்த முறையின்மேல் எனக்கு மற்றவற்றைவிடக் கோபம் அதிகம்.

ஆசைக்கு வளர்த்தாலும் குற்றம் குற்றமே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பின் கௌதாரி போன்ற இரண்டாம் அட்டவணைப் பறவைகளுக்கு எதிரான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயரைச் சொல்லாமல் தகவல் கொடுங்கள். தெருவில் நின்று சண்டை போட வேண்டாம்.

கௌதாரியின் அறிவியல் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்: பாண்டிசெரியானஸ். உலகம் முழுவதும் அதை நம் ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறது.

காடைக் கூண்டில் பெட்டை மட்டும்தான் விழும் என்று என் மாமா சொல்வார். அது எப்படி? (கல்லூரி மாணவர், திண்டிவனம்)

உங்கள் மாமா சொன்னது சரி. ஆனால் அது உண்மையான காடை இல்லை. காலில் மூன்று விரல்கள் மட்டுமே கொண்ட, காடையைப் போன்ற வேறொரு பறவை. நம் புதர்க்காடுகளில் இருக்கும் அந்தப் பறவையில் பெட்டைதான் பெரியது, அதற்குத்தான் கழுத்தில் கறுப்பு, அதுதான் கூவும், அதுதான் சண்டை போடும். முட்டையிட்டு முடித்ததும் அடைகாப்பதையும் குஞ்சு வளர்ப்பதையும் சேவலிடம் விட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போகும்.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1860களில் வெளியான தம் பறவை நூலில், கர்நாடகப் பகுதியில், அதாவது நம் கிழக்குச் சமவெளியில், இதை எப்படிப் பிடித்தார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறார். சிறு கூண்டுக்குள் ஒரு பெட்டை. அது முழங்கும். கேட்கும் தூரத்தில் இருக்கும் பெட்டைகள் ஓடிவந்து கம்பிகளை மோதும். மோதலில் நூல் ஒன்று அறும், மூடி விழும், சிறு மணி ஒன்று அடிக்கும், ஒளிந்திருப்பவன் வந்து எடுத்துக்கொள்வான். ஒரே நாளில் பன்னிரண்டிலிருந்து இருபது வரை பிடிப்பார்களாம். பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை முட்டையிடும் நிலையில் இருந்தவை. அவர் வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பைக்குள்ளேயே எட்டுப் பத்துப் பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன.

அந்தப் பையை நினைத்துப் பாருங்கள். கூண்டைச் செய்தவனின் கைத்திறனை நான் மதிக்கிறேன். பைக்குள் உடைந்த முட்டைகளை என்னால் மறக்க முடியவில்லை.

ஓட்டலில் 'காட்டுக் காடை' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். சாப்பிடலாமா? (வேலூர்)

சாப்பிட வேண்டாம். கடைகளில் சட்டப்படி கிடைப்பது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. நந்தனம் காடை என்பதும் அதில் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இனமே. அதைக் காட்டுக் காடை என்று விற்றால் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார்கள். உண்மையிலேயே காட்டில் பிடித்தது என்றால் விற்பவர், வாங்குபவர் இருவர் மேலும் வழக்கு வரும்.

என் தாத்தா லைசென்ஸ் வைத்து வேட்டையாடினார். இப்போது எப்படிக் குற்றமாகும்? ஏர்கன்னுக்கு லைசென்ஸே தேவையில்லை என்கிறார்களே? (தேனி)

தாத்தா காலத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் உண்டு. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது போய்விட்டது. சில வகை ஏர்கன்களை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்பது உண்மை. அதனால் ஒரு கௌதாரியைச் சுடலாம் என்று ஆகிவிடாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர்கன்களைத் தாங்களாகவே ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. பரம்பரை வேட்டைக்காரர்களே வரிசையில் நின்று கொடுத்தார்கள்.

பறவை பிடிப்பது சில சமூகங்களின் குலத்தொழில். வயிற்றுப்பாட்டுக்காகப் பிடிப்பவனைச் சிறையில் தள்ளுவது நியாயமா? (மதுரை)

இந்த மூட்டையில் எனக்குக் கடினமான கேள்வி இது. நரிக்குறவர் சமூகத்தைப் பட்டியல் பழங்குடியினரில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. வேட்டையைக் கட்டுப்படுத்திய 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதற்கும் இடையில் அரை நூற்றாண்டு. ஒரு தொழிலை எடுத்துக்கொண்ட நாடு, மாற்று வழியைக் கொடுக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. இதைச் சொல்லாமல் கண்ணி வைத்தவனை மட்டும் திட்டுவது எனக்கு ஒப்பாது.

இன்று நான் பார்க்கும் பிடிப்பில் பெரும்பகுதி பசிக்கானது இல்லை. இரவில் பைக்கில் வந்து, பெரிய டார்ச்சும் வலையும் கொண்டு, உறங்கும் பறவைகளை அள்ளிக்கொண்டு போய், தொலைபேசியில் ஆர்டர் எடுத்து விற்கிறார்கள். இதற்குக் குலத்தொழில் என்ற போர்வையைப் போர்த்துவது அந்தச் சமூகங்களுக்குச் செய்யும் அவமானம்.

கௌதாரி எந்த முள்மரத்தில் இரவு அடையும், எந்த மாதம் எந்தப் புதரில் முட்டையிடும் என்பது எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. பாசிமணி விற்கும் ஒரு முதியவர் கூடவே நடந்து காட்டித் தந்தார். அவரைப் போன்றவர்களை வனத்துறை சம்பளத்துக்குக் காவலராகவும் கணக்கெடுப்பாளராகவும் எடுக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இன்னும் கேட்பேன்.

மயில் தொல்லை தாங்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைக்கப் போவதாகச் சொல்கிறார். எப்படித் தடுப்பது? (விவசாயி, விராலிமலை)

இன்றே தடுத்துவிடுங்கள். முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள்: மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது.

பிறகு மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். கார்போஃபியூரான் என்ற பூச்சிமருந்தின் குருணை ஒன்றே ஒன்று போதும், ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவையைக் கொல்ல. பறவைகள் சாவதைக் காரணம் காட்டித்தான் அமெரிக்கா குருணை வடிவத்தை 1990களிலேயே ஏறத்தாழ முழுவதும் நிறுத்தியது. விஷம் வைத்த நெல்லை மயில் மட்டும் தின்னாது. கௌதாரி, புறா, மைனா, உங்கள் வீட்டுக் கோழி எல்லாம் தின்னும். செத்ததை இழுத்துப்போகும் நாயும் சாகும். வரப்பில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் கைகளுக்கும் அந்த மருந்து எட்டும்.

உங்கள் கஷ்டம் பொய்யில்லை. விதைத்த மணிலாக் கடலையை மயில் கிளறிப் போட்ட வயலை நான் பார்த்திருக்கிறேன். நாற்றங்காலுக்கு மேல்வலை, முளைக்கும் பத்துப் பதினைந்து நாட்களுக்குக் காலை மாலை ஆள்காவல், மினுங்கும் நாடாவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம்மாற்றிக் கட்டுவது, இவை முழுத்தீர்வு இல்லாவிட்டாலும் முளைப்புக் காலத்தைத் தாண்ட உதவும். நாடாவை ஒரே இடத்தில் விட்டால் ஒரு வாரத்தில் மயில் அதன்மேலேயே உட்காரும். சேதத்தைப் படம் எடுத்து வனத்துறைக்கு எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இல்லாத இழப்பு அலுவலகத்தில் இழப்பாகவே இருக்காது.

படம் எடுப்பதற்காகக் கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுகிறோம். இதில் தவறில்லையே? (கோயம்புத்தூர்)

கூண்டுச் சேவல் செய்வதைத்தான் உங்கள் கைப்பேசியும் செய்கிறது. கண்ணி மட்டும்தான் இல்லை. இல்லாத எதிரியைத் தேடிப் பறவை கூட்டைவிட்டு வரும் நேரத்தில் காகமோ கீரியோ முட்டையை எடுத்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் வேண்டவே வேண்டாம். எகிப்தின் கடற்கரையில் வலசைக் காடைகளை இதே பதிவுக் குரலால் இரவில் இறக்கி வலையில் பிடிக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு ஊரே பிடிப்பதை விட்ட உதாரணம் உண்டா? (திருநெல்வேலி)

உண்டு. நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் 2012இல் அமூர் வல்லூறுகளை மீன்வலை கட்டி ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். சைபீரியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் தங்கும் பறவைகள் அவை. படங்கள் வெளியே வந்தன. பாங்டி போன்ற ஊர்களின் கிராம சபைகள் கூடிப் பேசின, தேவாலயங்களில் பேசினார்கள். அடுத்த ஆண்டே வலை கட்டுவது நின்றது. வலை கட்டிய அதே கைகள் இன்று பார்வையாளர்களுக்கு வழிகாட்டுகின்றன.

வரப்புப் புல்லில் ஐந்து முட்டைகள் பார்த்தேன், வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம். பக்கத்தில் பறவை இல்லை. எங்கள் வீட்டுக் கோழியிடம் அடைவைக்கலாமா? (ஏழாம் வகுப்பு மாணவன், பரமக்குடி)

வேண்டாம் தம்பி. நீ சொல்வதைப் பார்த்தால் அது கௌதாரி முட்டை. நீ வந்ததால்தான் தாய் நழுவிப் போயிருக்கும். நீ போனதும் வந்துவிடும். கோழி பொரித்தாலும், எந்தப் பூச்சியைத் தின்பது, பருந்தின் நிழல் விழுந்தால் எப்படிப் பதுங்குவது என்பதைக் கோழியால் கௌதாரிக் குஞ்சுக்குச் சரியாகச் சொல்லித்தர முடியாது. முட்டையைக் கையால் தொடாதே, அடையாளத்துக்குக் குச்சி நடாதே. குச்சியைப் பார்த்து வேறு யாராவது வந்துவிடுவார்கள். அப்பாவிடம் சொல்லி, அந்த வரப்புப் புல்லை மட்டும் மூன்று நான்கு வாரம் அறுக்காமல் விடச்சொல். பொரித்த பிறகு உடைந்த ஓடுகள் மட்டும் கிடக்கும். அப்போது எனக்கு எழுது.