ரேஸுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

சார்லட்டுக்கு வந்து நாலு மாதம், வங்கியில் வேலை, திங்கட்கிழமை ஆனால் ஆபீஸ் முழுக்க நாஸ்கார் என்ற கார்ப் பந்தயப் பேச்சு, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், மே கடைசியில் 600 மைல் ரேஸுக்கு டீமோடு வருகிறாயா என்று மேனேஜர் கேட்கிறார், சுற்றிச் சுற்றி வரும் காரில் பார்க்க என்ன இருக்கிறது, அதில் பெண்கள் யாராவது ஓட்டியிருக்கிறார்களா? இத்தனையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். போய்விட்டு வாருங்கள் தங்கச்சி.

நான் வந்த புதிதில் இதே அழைப்பைத் தலைவலி என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அடுத்த வருடமும் ஏதோ சாக்கு. மூன்றாவது வருடம் யாரும் கூப்பிடவே இல்லை. "உனக்கு இதெல்லாம் பிடிக்காதே" என்றார் பக்கத்து சீட்காரர், ரொம்ப அன்பாகத்தான். அந்த அன்பு உறுத்தியது. தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். காசு மிச்சம் என்று கீழ்வரிசையில் உட்கார்ந்து, டயர் ரப்பர் தூளை முகத்தில் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்றே தெரியாமல், காதில் ரீங்காரத்தோடு வீடு வந்தேன். மேல்வரிசையில் எடுக்கச் சொல்லுங்கள். முழு ஓவலும், அதாவது முட்டை வடிவ டிராக் முழுதும், தெரியும்.

இனி, பெண்கள் ஓட்டியிருக்கிறார்களா என்ற உங்கள் கேள்வி. 1949இல் நாஸ்காரின் இந்த முதல்நிலைப் பந்தயம் தொடங்கியதே சார்லட்டில்தான். அந்த முதல் ரேஸிலேயே சாரா கிறிஸ்டியன் என்ற பெண் ஓட்டினார். அதே வருடம் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஐந்தாவதாக வந்தார். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஜேனட் கத்ரி. நம் காலத்தில் நாஸ்கார் ஓட்டிய டானிகா பாட்ரிக்கை ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், இவரைப் பாதிப் பேருக்குத் தெரியாது.

கத்ரி இந்த ஊர்க்காரர் இல்லை. அயோவாவில் பிறந்து, மயாமியில் வளர்ந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1960இல் இயற்பியல் பட்டம் வாங்கியவர். ரிபப்ளிக் ஏவியேஷனில் விமானத் துறைப் பொறியாளராக வேலை பார்த்தார். விமானமும் ஓட்டுவார். விஞ்ஞானிகளை விண்வெளி வீரர்களாக எடுக்க நாசா ஆள் தேடியபோது விண்ணப்பித்து முதல் சுற்றில் தேறியிருக்கிறார். நடுவில் ஒரு பழைய ஜாகுவாரை வாங்கிப் பந்தயத்தில் இறங்கியவர், கடைசியில் வேலையை விட்டுவிட்டார். நம் வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

1976 மே மாதம் இண்டியானாபொலிஸ் 500க்கு, அது நாஸ்கார் இல்லை, வேறு வகைக் கார்களின் 500 மைல் பந்தயம், தகுதி பெறப் போனார். கொடுத்த கார் வேகம் போதவில்லை. ஏ. ஜே. ஃபாய்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் தன் காரைப் பயிற்சிக்குத் தந்து பார்த்தார். அதில் தேவையான வேகம் வந்தது, ஆனால் தகுதிச் சுற்றுக்கு அந்தக் கார் கிடைக்கவில்லை. சார்லட் டிராக்கை நடத்திய ஹம்பி வீலருக்கு மூக்கில் வேர்த்தது. ஒரு பெண் வந்து 600 மைல் ஓட்டினால் டிக்கெட் எப்படி விற்கும்! உடனே இங்கே கூப்பிட்டார். கத்ரி இங்கே ஓட்டிய காரின் சொந்தக்காரர் யார் தெரியுமா? லிண்டா ஃபெரேரி, சார்லட்டில் ஒரு வங்கியின் துணைத் தலைவர். உங்கள் தொழில்காரர்தான்!

அன்றைக்குக் கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. 600 மைல் என்றால் சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பும் தூரம், இன்னும் கொஞ்சம் கூட. மே மாத வெயிலில், இரும்புக் கூண்டுக்குள், இன்ஜின் சூட்டில் நாலைந்து மணி நேரம். ஒரு பெண்ணின் உடம்பு தாங்காது, பாதியில் இறங்கிவிடுவார் என்பதுதான் பலருடைய பேச்சு. வடக்கே வேலை பார்த்து வந்த பெண், படித்தவர், அதுவரை பெரும்பாலும் ஓட்டியது ஸ்போர்ட்ஸ் கார். தெற்கத்தி ஆட்களுக்கு எல்லாமே கண்ணை உறுத்தியது.

பயிற்சியில் அந்த செவ்ரோலே சொன்னபடி கேட்கவில்லை. செட்டப் சரியில்லாவிட்டால், அதாவது ஸ்பிரிங்கும் நாலு சக்கரத்துக்கான எடைப் பங்கீடும் பொருந்தாவிட்டால், கார் வளைவில் சுவரைப் பார்த்து ஓடும். இந்த அளவுகளை ஒரு டீம் இன்னொரு டீமுக்குக் காட்டாது. பாட்டி ரசப்பொடி அளவு மாதிரி ரகசியம். ஆனால் ஜூனியர் ஜான்சன், வடக்கு கரோலினா மலையில் கள்ளச்சாராயம் கடத்திக் கார் ஓட்டப் பழகி அப்போது ஒரு டீமின் சொந்தக்காரராக இருந்த மனிதர், தன் தலைமை மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செட்டப்பைக் கொடுக்கச் சொன்னார். கார் வழிக்கு வந்தது. கத்ரி ரேஸை முழுதாக ஓட்டி முடித்து 15ஆவதாக வந்தார். நீளமான சூப்பர் ஸ்பீட்வே ஓவலில் நாஸ்காரின் முதல்நிலை ரேஸை ஓட்டிய முதல் பெண் அவர்தான்.

அந்த ஜான்சன் செய்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இந்த ஊர் ஆட்கள் முதலில் முறைப்பார்கள். வேலை தெரியும் என்று பட்டால் மறுபேச்சில்லாமல் உதவுவார்கள். என் அனுபவத்திலும் அப்படித்தான், எப்போதும் என்று சொல்ல மாட்டேன்.

1977 அவருக்கு நல்ல வருடம். நாஸ்காரின் பெரிய ரேஸான டேடோனா 500இல் எட்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். பத்துச் சுற்று மிச்சம் இருக்கும்போது இன்ஜினில் இரண்டு சிலிண்டர் போய்விட்டது, அப்படியும் 12ஆவது. மே மாதம் இண்டியானாபொலிஸ் 500இல் தகுதி பெற்ற முதல் பெண் ஆனார். அங்கேயும் கார் பழுது, 29ஆவது. ஆகஸ்டில் பிரிஸ்டலில் ஆறாவது. பிரிஸ்டல் அரை மைல் கிண்ணம், இடியும் உரசலும்தான் அங்கே ஆட்டம். எனக்கு அவருடைய ரேஸ்களில் இதுதான் பெரிசு. அடுத்த வருடம் மணிக்கட்டு எலும்பு முறிந்த கையோடு இண்டியானாபொலிஸில் ஒன்பதாவதாக வந்தார்.

அப்புறம்? அப்புறம் பணம் இல்லை. ஸ்பான்சர் இல்லாமல் இங்கே ஒரு டயர்கூட வாங்க முடியாது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். பேப்பரில் பெயர் வரும், செக் வராது. 1980 டேடோனா 500இல் 11ஆவதாக வந்த பிறகும் முழு சீசனுக்கு ஆள் கிடைக்கவில்லை. மொத்தம் 33 கப் ரேஸ் (நாஸ்காரின் முதல்நிலை ரேஸுக்கு அதுதான் பெயர்), ஐந்தில் முதல் பத்துக்குள். அவ்வளவுதான். அவருடைய ஹெல்மெட்டும் ஓட்டுநர் உடையும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஊர் டவுன்டவுனில் இருக்கும் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் 2024இல் அவருக்கு லேண்ட்மார்க் விருது கொடுத்தது. ஓட்டுவதற்கு யாராவது செக் எழுதியிருந்தால் அவருக்கு அது இன்னும் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது.

டானிகாவுக்குப் பணக் கவலை அந்த அளவு இல்லை. பச்சைக் கார், 10ஆம் எண், பெரிய டீம். 2013 டேடோனா 500இல் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு எட்டாவதாக வந்தார். 191 ரேஸ் ஓட்டியதில் சிறந்த இடம் 2014இல் அட்லாண்டாவில் ஆறாவது. கத்ரி பிரிஸ்டலில் எடுத்த அதே ஆறு. 1949இல் சாரா கிறிஸ்டியன் வந்த ஐந்தாவது இடத்தை இருவருமே தாண்டவில்லை. திங்கட்கிழமை இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு உங்கள் பக்கம் திரும்பும். டானிகாவை மட்டம் தட்டுகிற கூட்டமும் உண்டு, அதில் சேர வேண்டாம்.

போகும்போது கவனிக்க: டிராக் சார்லட்டில் இல்லை, கான்கார்டில், மால் இருக்கிற பக்கம். ரேஸ் சாயங்காலம் ஆரம்பித்து ராத்திரி முடியும். திரும்பும்போது பார்க்கிங்கை விட்டு வெளியே வரவே நேரமாகும், மறுநாள் மெமோரியல் டே லீவு என்பதால் பரவாயில்லை. காதுக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டும். ஸ்கேனர் ஒன்று வாடகைக்கு எடுத்து, ஓட்டுநரும் அவர் டீமும் ரேடியோவில் பேசுவதைக் கேளுங்கள். வெறும் வட்டம் என்று நினைத்ததெல்லாம் அப்போது கணக்காக மாறும்: எப்போது டயர் மாற்றுவது, எத்தனை சுற்றுக்குப் பெட்ரோல் தாங்கும், வெயில் இறங்கித் தளம் குளிர்ந்தால் கார் எந்தப் பக்கம் இழுக்கும். டேட்டா வேலை பார்ப்பவராக இருந்தால் நன்றாகவே பிடிக்கும்.

சின்ன துணிக் கூலர் உள்ளே விடுவார்கள், அளவை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தயிர் சாதம் அந்த வெயிலில் புளித்துவிடும். புளியோதரையாகக் கட்டிக்கொள்ளுங்கள், இரண்டு டப்பா கூடுதலாக. டீம்காரர்கள் கேட்பார்கள்.