ஒற்றை நுழைவு விசாவோடு ஜெனரோசோ மலையைத் தாண்டலாமா?

கேள்வி: ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் லுகானோவில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போகிறோம். எனக்கும் கணவருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு. சுவிஸ் தூதரகம் தந்த ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா இருக்கிறது. லுகானோ ஏரிக்கரையில் உள்ள மோன்டே ஜெனரோசோ மலையில் ஏறி, மறுபக்கம் இத்தாலிக்குள் இறங்கி, அன்று மாலையே வீடு திரும்ப ஆசை. இத்தாலியில் கால் வைத்தால் ஒற்றை நுழைவு முடிந்துவிடும், திரும்ப விடமாட்டார்கள் என்கிறார் அண்ணி. 'எஃப்' எனும் சுவிஸ் தற்காலிக அனுமதியில் இருக்கும் அவருடைய தம்பியும் எங்களோடு வர நினைக்கிறார். நாங்கள் வார இறுதியில் ஐந்தாறு கிலோமீட்டர் நடப்பவர்கள். இது நடக்கிற காரியமா?

பதில்: உங்கள் இருவருக்கும் நடக்கும். அண்ணியின் தம்பிக்கு அதே பாதை நடக்காது. ஆனால் அவரையும் அன்றைய நடையில் சேர்த்துக்கொள்ள நல்ல வழி ஒன்று இருக்கிறது.

முதலில் அண்ணியின் பயத்தைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2008 டிசம்பர் முதல் அது ஷெங்கன் வட்டத்துக்குள், அதாவது ஒரே விசாவை ஏற்கும் நாடுகளின் கூட்டத்துக்குள், இருக்கிறது. விசாவில் எழுதியிருக்கும் 'ஒரு நுழைவு' என்பது அந்த முழு வட்டத்துக்குள் நுழைவதைக் குறிக்கும். சூரிச் விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்றால், அன்றே அந்த நுழைவு பயன்பட்டுவிடும். அதற்குப் பிறகு இத்தாலிக்குப் போய் வந்தாலும், பிரான்சுக்குப் போய் வந்தாலும் புது நுழைவு என்று கணக்கில் வராது. நடுவில் லண்டனுக்குப் போனால்தான் சிக்கல், ஏனென்றால் அது வட்டத்துக்கு வெளியே. உள் எல்லைகளைச் சாலை வழியாகத்தான் கடக்க வேண்டும் என்றும் இல்லை. மலை முகட்டில் எந்த இடத்திலும் கடக்கலாம் என்பதே ஷெங்கன் விதி.

அப்படியும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். விசா ஒட்டியின் மேல்பகுதியில், அது எங்கெல்லாம் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'ஷெங்கன் நாடுகள்' என்ற பொருளில் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ இத்தாலிய மொழியிலோ எழுதியிருந்தால் கவலையில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாட்டின் குறியீடு மட்டும் இருந்தாலோ, கழித்தல் குறி போட்டு ஏதாவது நாட்டை விலக்கியிருந்தாலோ, அது எல்லை வரையறுத்த விசா. அப்படியானால் இத்தாலி அதில் அடங்குகிறதா என்று தெரியாமல் புறப்படாதீர்கள்.

கடவுச்சீட்டின் நகல் போதாது. அசலையே நீர் புகாத உறையில் போட்டு எடுத்துப் போங்கள். மலைமேல் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்பது பெரும்பாலும் திரும்பும் வழியில், இத்தாலியின் கோமோவிலிருந்து எல்லை ஊரான கியாசோ வழியாக லுகானோ வரும் ரயிலில்தான். ஷெங்கன் வந்த பிறகும் அந்தப் பாதையில் சோதனை நிற்கவில்லை. பெட்டியில் இருபது பேர் இருந்தால் நம் நிறத்தவரிடம்தான் முதலில் வந்து நிற்பார்கள். நியாயமோ இல்லையோ, அதற்குத் தயாராகவே போங்கள்.

இனி அண்ணியின் தம்பி. எஃப் அட்டை என்பது தற்காலிக அனுமதி. அவரைத் திருப்பி அனுப்பவில்லை, தங்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பயண உரிமை அதோடு வராது. சுவிஸ் எல்லையைத் தாண்டித் திரும்ப வேண்டுமானால் குடிவரவுச் செயலகத்திடம் முன்கூட்டியே மீள்வருகை விசா வாங்க வேண்டும். அதையும் குறிப்பிட்ட காரணங்களுக்கே தருவார்கள். மலையேற்றம் அந்தக் காரணங்களில் ஒன்றாகும் என்று நம்ப வேண்டாம். இத்தாலியும் எஃப் அட்டையைப் பயண ஆவணமாக ஏற்காது. 'பத்து நிமிடம் அந்தப் பக்கம் போனால் யாருக்குத் தெரியும்' என்று யாராவது சொல்வார்கள். உங்களுக்கு அது பத்து நிமிடம், அவருக்கோ அது வருடக்கணக்காகக் காத்திருக்கும் கோப்பு. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ள 'என்' (N) அட்டைக்காரருக்கும் இதே பேச்சுத்தான். பி, சி எனும் வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் தாராளமாக வரலாம்.

சரி, அவரை விட்டுவிட்டுப் போவதா? வேண்டாம். இதனால்தான் உங்கள் பாதையை நான் மாற்றச் சொல்வேன்.

நீங்கள் நினைத்திருப்பது அநேகமாக எல்லோரும் நினைக்கும் வழி: கபோலாகோவிலிருந்து நடந்து ஏறி, இத்தாலியப் பக்கம் சான் ஃபெதேலே வரை இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கோமோ, பிறகு ரயில். வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கபோலாகோ கடல்மட்டத்திலிருந்து 274 மீட்டர், உச்சி 1,701 மீட்டர். 1,400 மீட்டருக்கும் மேல் ஏற்றம். மலையில் மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் ஏறுவதற்கு மட்டுமே ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம். அதன்பின் 900 மீட்டர் இறக்கம், பேருந்து, இன்னொரு பேருந்தோ ரயிலோ. சமதளத்தில் ஆறு கிலோமீட்டர் நடக்கும் முழங்காலுக்கு இது தண்டனை.

அதனால் ஏற்றத்தைப் பல்சக்கர ரயிலிடம் விட்டுவிடுங்கள். 1890இல் ஓடத் தொடங்கிய ரயில் இது. 1941இல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, மிக்ரோஸ் கடைகளைத் தொடங்கிய காட்லீப் டுட்வைலர் அதை வாங்கிக் காப்பாற்றினார். லுகானோவிலிருந்து வட்டார ரயிலில் கால் மணி நேரத்தில் கபோலாகோ வந்துவிடலாம். அங்கே இதில் மாறி ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் 1,600 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். நடந்து ஏறியே தீருவேன் என்றால், 1,221 மீட்டரில் இருக்கும் பெல்லாவிஸ்டா இடைநிலையத்தில் இறங்குங்கள். மீதி 480 மீட்டர் ஏற்றம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். ஏறிய மனநிறைவும் உண்டு, இறங்கக் காலில் தெம்பும் மிஞ்சும். நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

மேல்நிலையத்தில் மாரியோ போட்டா வடிவமைத்த 'கல் மலர்' கட்டடம் நிற்கிறது, 2017இல் திறந்தது. பிடிக்கும், பிடிக்காது என்று இரண்டு கட்சி உண்டு. எது எப்படியோ, உள்ளே காபியும் கழிவறையும் இருக்கின்றன. இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கழிவறை வெகு தூரம்.

அங்கிருந்து உச்சி நடக்கும் தூரம்தான். எல்லை அந்த முகட்டின் மேலேயே ஓடுகிறது. முழங்கால் உயரக் கற்கள் அங்கங்கே தெரியும். ஒரு முகத்தில் சுவிட்சர்லாந்துக்கு எஸ், மறுமுகத்தில் இத்தாலிக்கு ஐ என்ற எழுத்து. ஒரு பக்கம் நேர் கீழே லுகானோ ஏரி, காற்று தெளிவாக இருந்தால் மேற்கே மோன்டே ரோசாவின் பனி, தெற்கே மிலான் சமவெளி. மூவரும் இங்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியை மட்டும் கல்லுக்கு இந்தப் பக்கம் நிறுத்துங்கள். 1988இல் கண்டுபிடிக்கப்பட்ட குகைக்கரடிக் குகை ஒன்று அருகில் இருக்கிறது. அது இத்தாலிய மண்ணில் இருப்பதால் அவருக்கு அதுவும் வேண்டாம்.

பிரிவது இங்கேதான். நீங்கள் இருவரும் கிழக்கே, இத்தாலியின் ஒரிமென்டோவை நோக்கி இறங்குங்கள். சுமார் 1,275 மீட்டரில் இருக்கும் மேய்ச்சல் நிலம் அது. ஒன்றரை மணி நேர நடை. அங்கே மலைவிடுதியில் மதிய உணவு கிடைக்கும். கையில் கொஞ்சம் யூரோ நோட்டு இருக்கட்டும். அங்கிருந்து தென்புறமாக எர்போனே என்ற குக்கிராமத்துக்கு இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். எர்போனேயிலிருந்து நடைபாலத்தில் ப்ரெஜ்ஜா ஆற்றைக் கடந்தால் மறுபடி சுவிட்சர்லாந்து. அரை மணியில் ஸ்குதெல்லாத்தே. தம்பி இதே நேரத்தில் உச்சியிலிருந்து சுவிஸ் சரிவிலேயே ரொன்காபியானோ என்ற சிற்றூர் வழியாக அதே ஸ்குதெல்லாத்தேவுக்கு வந்துவிடலாம். அவருடைய பாதை எங்கேயும் எல்லையைத் தாண்டாது, உங்களுடையதைவிடக் குறுகியதும்கூட. அதனால் மேலே ஆற அமர இருந்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். ஸ்குதெல்லாத்தேவிலிருந்து முஜ்ஜோ பள்ளத்தாக்கு வழியே பேருந்தில் ஒன்றாக மென்ட்ரிசியோ, அங்கிருந்து லுகானோ ரயில். கோமோவும் கியாசோ சோதனையும் உங்கள் வழியிலேயே வராது.

இந்தப் பாதையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எர்போனேயைச் சுற்றிய சரிவுகள் பழைய கடத்தல் வழிகள். சுவிட்சர்லாந்தில் மலிவாகக் கிடைத்த காபியையும் சிகரெட்டையும் சாக்கில் கட்டி, முப்பது கிலோவுக்குக் குறையாத சுமையை முதுகில் ஏற்றி, சத்தம் வராத சணல் காலணியோடு இரவில் இறங்குவார்கள். அவர்களைத் தடுக்க இத்தாலி எல்லை நெடுகக் கம்பிவலை கட்டி அதில் மணிகளைத் தொங்கவிட்டது. வலை அசைந்தால் மணி அடிக்கும். அந்த வலையின் துருப்பிடித்த மிச்சங்களை இந்தப் பகுதிக் காடுகளில் இன்னும் பார்க்கலாம். எர்போனேயில் சுங்கக் காவலர்கள் இருந்த கட்டடம் இப்போது சின்ன அருங்காட்சியகம். ப்ரெஜ்ஜா ஆறும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்: இத்தாலியில் பிறந்து, சுவிட்சர்லாந்துக்குள் ஓடி, மறுபடி இத்தாலிக்குள் போய் கோமோ ஏரியில் விழுகிறது.

விசாவைவிட நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று தண்ணீர். இது சுண்ணாம்புக்கல் மலை. பெய்கிற மழையெல்லாம் பிளவுகள் வழியே உள்ளே இறங்கிவிடும், மேலே ஊற்று கிடைக்காது. அந்தக் காலத்து மாட்டுக்காரர்கள் இதற்காகவே நெவேரா என்ற வட்டக் கல்கூடங்களைத் தரைக்குள் பாதி புதைத்துக் கட்டி, குளிர்காலப் பனியை உள்ளே அடைத்து, கோடையில் பாலைக் குளிர்வித்தார்கள். வழியில் தாழ்வான கல்கூரையும், உள்ளே சுழன்று இறங்கும் படிகளும் தெரிந்தால் அது இதுதான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை மேல்நிலையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடைசிப் பேருந்து. ஸ்குதெல்லாத்தே சின்ன ஊர், பேருந்துகள் குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. முதலில் சுவிஸ் ரயில்வே செயலியில் அன்றைய பேருந்து நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். கடைசிப் பேருந்தை நம்பாமல் அதற்கு முந்தையதைப் பிடிக்கப் பாருங்கள். ஜூனில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், அதை நம்பித்தான் பலர் பேருந்தைத் தவறவிடுகிறார்கள். சுவிஸ் மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. படம் எடுப்பது, சாப்பிடுவது, காலணியில் கல் எடுப்பது எல்லாம் தனிக் கணக்கு. ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிக்குள் மஞ்சள் பலகை போய், பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைப் பூச்சு வரும். சுவிஸ்டோப்போ செயலியின் இலவச வரைபடம் எல்லையைத் தாண்டியும் காட்டும், முந்தைய இரவே தரவிறக்கிவிடுங்கள். முகட்டில் கைபேசி இரண்டு நாட்டு வலையமைப்புக்கும் மாறி மாறித் தாவும். உங்கள் சிம் எந்த நாட்டுக்கானது என்று பார்த்து, தேவையில்லாத ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

கோடையில் பிற்பகல் இடி இங்கே வழக்கம். காலையில் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். நனைந்த புல்லும் சுண்ணாம்புப் பாறையும் பயங்கரமாக வழுக்கும், ஓட்டக் காலணி போதாது. நீளக் காற்சட்டை நல்லது, புல்லில் உண்ணி இருக்கும். கன்றோடு நிற்கும் மாட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். காட்டுப் பியோனிப் பூக்களைப் பறிக்காதீர்கள். இந்த மலையின் பெருமையே அவைதான், ஜூன் தொடக்கம் என்றால் இன்னும் பூத்திருக்க வாய்ப்புண்டு.

காப்பீட்டுத் தாளையும் ஒரு முறை வாசியுங்கள். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீட்டில் மருத்துவமனைச் செலவு இருக்கும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவரும் செலவு இருக்கிறதா என்பதைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்தென்றால் இரண்டு நாட்டிலும் 112. சுவிஸ் பக்கம் வான்வழி மீட்புக்கு 1414.

ஒரிமென்டோவில் பாலாடைக்கட்டி வாங்கினால் கவலைப்பட வேண்டாம். ஷெங்கன் வேறு, சுங்கம் வேறு, சுங்க எல்லை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் 2025 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க் வரை வரியில்லை. இறைச்சி என்றால் ஒரு கிலோவைத் தாண்டினால் வரி உண்டு. சலாமி வாங்குவதாக இருந்தால் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.