ஜன்னலோர நாற்றங்கால்

பொங்கல் கழிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாத் தமிழர்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி விதையும் நாற்றும்தான். ரோஜாவுக்குக் கவாத்து, எலுமிச்சைக்கு உரம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதைப் பாக்கெட்டில் “கடைசி உறைபனிக்கு 8 வாரம் முன்பு வீட்டுக்குள் விதைக்கவும்” என்று போட்டிருக்கிறது. எங்கள் பின்பக்கத் தோட்டத்தில் இந்தக் குளிர்காலத்தில் இரண்டே நாள்தான் புல் வெளுத்துக் கிடந்தது. எந்த நாளிலிருந்து எண்ணுவது?
— வாசகி, ஃப்ரீமான்ட்

அந்த வரி நமக்காக எழுதியது இல்லை அம்மா. மினசோட்டா மாதிரி ஊர்களுக்கு அது சரி. அங்கே மே மாதம் வரை பனி உறையும், அது விட்டதும் மளமளவென்று சூடு ஏறிவிடும். “சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும்” என்று திண்டுக்கல் பக்கம் எங்கள் அப்பத்தா சொல்வார். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கணக்கு இந்த ஊருக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களை விட்டுவிட்டால், பிப்ரவரி கடைசியோடு உறைபனி பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் போவது பனிதான், குளிர் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மார்ச்சில் மத்தியானம் 68 டிகிரி (எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு) அடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மண்வெட்டியைத் தேடுவோம். ராத்திரி 45க்கு இறங்கிவிடும். தக்காளிக்கு இரவு 50க்கு மேல் வேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 55. அதற்குக் கீழே அவை சாகாது, முறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மிதமான ஊரில் இருக்கிற ஏமாற்று வேலையே இதுதான். செடியைக் கொல்லாத குளிர் என்பதால் நமக்குத் தப்பு தெரிவதில்லை.

ஒரு வருஷம் பொறுமையில்லாமல் மார்ச் 15ம் தேதியே ஆறு கத்தரி நாற்றைத் தரையில் வைத்தேன். இடம் பத்தாமல் மிச்சம் நாலு நாற்று தொட்டியில் கிடந்தது, அதை மே முதல் வாரம்தான் நட்டேன். மார்ச் செடிகள் இலையெல்லாம் ஊதா ஏறிக் குட்டையாக நின்றன. மண் சில்லென்று இருந்தால் பாஸ்பரஸ் மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, அந்த ஊதா அதனால்தான். முதல் காய் எதில் பறித்தேன் தெரியுமா? மே மாதம் வைத்த செடியில்.

ஆகவே பனியை மறந்துவிட்டு, நடுகிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எனக்குத் தமிழ்க் காலண்டர்தான் வசதி. தக்காளியைச் சித்திரை முதல் நாளை ஒட்டி நடுவேன், அதற்கு ஏழு வாரம் முன்னால், மாசி நடுவில் விதைப்பேன். மிளகாய் மந்தம். முளைக்கவும் நாளாகும், வளரவும் நாளாகும். மே தொடக்கத்தில் நட வேண்டுமென்றால் தை கடைசியில் விதை போட்டுவிட வேண்டும். கத்தரி அதற்குப் பத்து நாள் பின்னால் போனாலும் போதும். பாகல், புடல், பீர்க்கை, சுரை எல்லாம் பங்குனி பாதிக்கு மேல்தான். அவற்றின் வேரைக் கலைத்தால் கோபித்துக்கொள்ளும் என்பதால் தட்டில் போடாமல் தனித்தனிக் கோப்பையில் போட்டு, மூன்று நாலு வாரத்தில் மண்ணோடு அப்படியே இறக்கிவிடுவேன். வெண்டைக்கும் அதே மரியாதைதான்.

இந்தியன் ஸ்டோரில் வாங்கிய குண்டு மிளகாய் வற்றலைக் கிள்ளி விதை எடுத்து, முட்டை அட்டையில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். 20 நாள் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. வற்றல் விதை முளைக்காதா?
— வாசகர், மவுண்டன் வியூ

முளைக்கும் தம்பி. வெயிலில் காய்ந்த வற்றலில் இருந்து விதை எடுத்துத்தான் ராமநாதபுரத்தில் தலைமுறை தலைமுறையாக முண்டு மிளகாய், அதாவது குண்டு மிளகாய், போட்டிருக்கிறார்கள். 2023ல் புவிசார் குறியீடுகூட வாங்கிய மிளகாய் அது. ஆனால் கடையில் அந்தப் பாக்கெட் எத்தனை வருஷம் தூங்கியது என்று யாருக்குத் தெரியும்? மிளகாய் விதைக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் வீரியம் குறைந்துவிடும்.

விதை மேல் பழி போடும் முன் இடத்தைப் பாருங்கள். ராத்திரியில் வீட்டிலேயே குளிர்ந்த இடம் ஜன்னலோரம்தான். போதாததற்கு முட்டை அட்டை ஈரத்தை உறிஞ்சி நாலாபுறமும் ஆவியாக விடும், பானைத் தண்ணீர் குளிர்கிற கதைதான். அறை 65 டிகிரி என்றால் உங்கள் அட்டைக்குள் 60கூட இருக்காது. டேவிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் காய்கறி விதைகளை ஒவ்வொரு வெப்பத்திலும் வைத்து, எத்தனை நாளில் முளைக்கிறது என்று பட்டியல் போட்டார். மிளகாய் 59 டிகிரியில் 25 நாள், 68ல் 13, 77ல் எட்டே நாள். தக்காளி 50 டிகிரியில் 43 நாள், 77ல் 6. கத்தரிக்கு 86 டிகிரி கொடுத்தால் ஐந்து நாளில் எட்டிப் பார்க்கும். உங்கள் 20 நாள் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியல் என் கைக்கு வரும் முன்னால் எனக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும். குளிர்காலத்தில் தோசை மாவு வீட்டில் எங்கே பொங்குகிறதோ, அங்கே விதை முளைக்கும். இந்த ஊரில் மாவு பொங்குகிற இடம் எது? விளக்கு மட்டும் போட்ட ஓவன். அங்கேயே வைத்தேன், ஒரு தட்டு நிறைய, 72 குழி, சம்பா மிளகாயும் காந்தாரியும். நான்காம் நாள் சாயங்காலம் பேரன் பீட்சா சுட 400 டிகிரிக்கு ஓவனைப் போட்டுவிட்டு வீடியோ கேமில் உட்கார்ந்துவிட்டான். பிளாஸ்டிக் உருகின நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மாவுப் பாத்திரத்துக்கு மட்டும் ஓவன் என்று அன்றோடு முடிவாயிற்று.

பிறகு பிரிட்ஜ் தலை. பழைய பிரிட்ஜுக்கு உச்சந்தலை வெதுவெதுப்பாக இருக்கும், புதிதாக வாங்கினோம், அதற்கு இல்லை. மகனுடைய இன்டர்நெட் பெட்டி மேல் ஒரு கோப்பைக்குத்தான் இடம். கடைசியில் விதைத் தட்டுக்கு அடியில் விரிக்கிற ஹீட் மேட் ஒன்று வாங்கினேன். இத்தனை வருஷத் தோட்டத்தில் நான் செய்த செலவுகளில் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான். தட்டுக்குக் கீழே விரித்து, மேலே மூடி போட்டு, மண்ணுக்குள் ஒரு தெர்மாமீட்டரைக் குத்தி 80ஐ ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீங்கள் இன்றைக்குச் செய்ய வேண்டியது: அதே வற்றலில் இருந்து பத்து விதை எடுங்கள். நனைத்துப் பிழிந்த டிஷ்யூவில் மடித்து, ஜிப் பைக்குள் போட்டு, உங்கள் வீட்டு இன்டர்நெட் பெட்டி மேல் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஏழெட்டு வேர் விட்டால் விதை நல்ல விதை, தைரியமாகத் திரும்பப் போடலாம். இரண்டு மூன்றுதான் என்றால் வற்றலைச் சாம்பாருக்கு வைத்துக்கொண்டு வேறு விதை தேடுங்கள்.

மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். பொழுது போக வேண்டுமே என்று தக்காளி விதை போட்டேன். முளைத்தது, ஆனால் நூல் மாதிரி நீண்டுவிட்டது. நாலைந்து நாற்று அடித்தண்டு கருத்துச் சாய்ந்தும் விட்டன. தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறேன். ஏப்ரல் 10ம் தேதி ஊருக்குத் திரும்புகிறேன், அதற்குள் பிழைக்க வைக்க வழி உண்டா?
— ஓர் அம்மா, கூபர்டினோ

உங்களை அக்கா என்பதா தங்கச்சி என்பதா தெரியவில்லை, அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் தட்டில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு.

சாய்ந்தது நாற்றழுகல். மண்ணில் இருக்கிற பூஞ்சை செய்கிற வேலை, அதற்குச் சோறு போட்டது உங்கள் இரண்டாம் வேளைத் தண்ணீர். ஊரில் நாற்றங்காலுக்குக் காலையும் மாலையும் பூவாளி பிடித்த பழக்கம், கை சும்மா இருக்காது. அங்கே வெயில் குடித்துவிடும். இங்கே வீட்டுக்குள் யார் குடிப்பது? சாய்ந்ததைப் பக்கத்து மண்ணோடு தோண்டி எறிந்துவிடுங்கள், அது எழாது. மீதிக்கு மேலே தண்ணீர் ஊற்றவே வேண்டாம். தட்டைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் மட்டும் கீழ்த் தாம்பாளத்தில் ஊற்றி அரை மணி உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மூடி இருந்தால் எடுத்துவிட்டுச் சின்ன மின்விசிறியைத் தூரத்தில் ஓட விடுங்கள். இலவங்கப்பட்டைத் தூள் தூவினால் நின்றுவிடும் என்று இங்கே பலர் சொல்வார்கள். நான் பட்டையைப் பிரியாணியோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த முறை தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். தென்னை நார்க்கழிவோ, விதைக்கென்று விற்கிற கலவையோ போதும். பழைய தட்டு என்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

நீண்டது வெளிச்சப் பஞ்சம். பொங்கலன்று திண்டுக்கல்லில் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் பகல், இங்கே பத்து மணி நேரம்கூட முழுசாகக் கிடையாது. அதிலும் கண்ணாடிக்குப் பின்னால். நாற்று வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறது. மகனிடம் சொல்லி ஒரு எல்.இ.டி. ஷாப் லைட் வாங்கி, நாற்றின் தலைக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் தொங்க விடுங்கள். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை எரியட்டும். வளர வளர விளக்கையும் மேலே ஏற்ற வேண்டும்.

நீண்டவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தக்காளி ஒரு நல்ல பிள்ளை. புதைத்த தண்டு முழுக்க வேர் விடும். நிஜ இலை இரண்டு வந்ததும் பெரிய கோப்பைக்கு மாற்றி, கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். கத்தரி, மிளகாயில் இந்த வித்தையை அவ்வளவு நம்பாதீர்கள்.

ஏப்ரல் 10 என்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. இந்த ஊரில் நாற்று செத்துப்போவது பெரும்பாலும் வெளியே கொண்டுபோகிற முதல் நாளில். நான் வந்த புதிதில், பளிச்சென்று வெயில் அடித்த ஒரு நாளில், விளக்கடியிலேயே வளர்ந்த முப்பது நாற்றையும் காலையில் வெளியே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இலையெல்லாம் காகிதம் மாதிரி வெள்ளை. வெயிலுக்குப் பழகாத தோல், வேறென்ன. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, பிறகு காலை வெயில், ராத்திரி உள்ளே, இப்படி ஏழு பத்து நாள். ஏப்ரல் முதல் தேதியே இதைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் கண் முன்னாலேயே முக்கால்வாசிப் பழக்கம் ஆகிவிடும். மீதியைத் தேதி போட்டு எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், வாட்ஸப்பில் அனுப்பினால் யாரும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்கள். நடும் வேலையை மகனிடம் ஒப்படைக்காமல் மருமகளும் பேத்தியும் இருக்கும்போது மூவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மா வரும்போது வேலூர் முள்ளுக் கத்தரி விதை கொண்டுவரச் சொல்லலாமா? பெட்டிக்குள் சேலை மடிப்பில் வைத்தால் தெரியாது என்கிறார்கள்.
— வாசகி, சான் ரமோன்

சேலை மடிப்பு வேண்டாம். அமெரிக்க விவசாயத் துறையிடம் ‘ஸ்மால் லாட்ஸ் ஆஃப் சீட்’ என்று ஓர் அனுமதி இருக்கிறது, முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பொட்டலத்துக்கு 50 விதை அல்லது 10 கிராம், ஒரு தடவைக்கு 50 பொட்டலம் வரை, மேலே தாவரவியல் பெயர் எழுதியிருக்க வேண்டும், மருந்து பூசிய விதையாக இருக்கக் கூடாது. எல்லா விதைக்கும் இது கிடைக்காது, உங்கள் விதை சேருமா என்று விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும். வந்து இறங்கியதும் படிவத்தில் விதை இருக்கிறது என்று எழுதிவிட வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் இந்தியாவிலிருந்து தாவர நலச் சான்றிதழோடு வர வேண்டும். இத்தனை பாடு வேண்டாம் என்றால் இங்கேயே விதைக் கம்பெனிகள் விற்கிற இந்தியக் கத்தரி ரகங்கள் இருக்கின்றன. கறிவேப்பிலைச் செடியைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், எலுமிச்சைப் பூச்சியைச் சுமந்து வரும் என்று அதற்கு ஊர்விட்டு ஊர் போகவே கட்டுப்பாடு.

வீட்டுக்குள் நாற்று அருமையாக வருகிறது. வெளியே வைத்தால் கத்தரி ஆகஸ்ட் வரை பூ உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. மூன்று வருஷமாக இதே கதை.
— வாசகர், டேலி சிட்டி

உங்கள் நாற்றில் குறை இல்லை, முகவரியில்தான். ஜூலையில் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற லிவர்மோர் 95 டிகிரியில் வேகும்போது கடலோரத்தில் உங்கள் தெருவில் மூடுபனி படுத்துக் கிடக்கும். கத்தரிக்கு அது சரிப்படாது. தெற்குப் பார்த்த சுவரை ஒட்டிக் கறுப்புத் தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்து ஆசை தீர்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் முள்ளங்கி, கொத்தமல்லி, பட்டாணி, முட்டைக்கோஸ் போடுங்கள். நாங்களெல்லாம் கோடையில் கொத்தமல்லி பூத்துவிடுகிறதே என்று அழும்போது உங்கள் வீட்டில் தழைத்து நிற்கும்.

முளைக்கீரைக்கும் உள்ளே நாற்று விட வேண்டுமா?
— வாசகி, சன்னிவேல்

வேண்டாம். மே மாதம் மண் சூடானதும் மணலோடு கலந்து தூவுங்கள்.