மலைக்கு ஒரு மாறியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: புரோகிராம் ஓடும்போதே மாறிகளுக்கு, அதாவது ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் இடங்களுக்கு, பெயர் வைப்பது எப்படி? பெரும்பாலானோர் பைதன் என்ற புரோகிராம் மொழியில் எழுதுவதால் பதில்களும் பைதனை ஒட்டியே.

கேள்வி (ஹட்டன்): எங்கள் தோட்ட டிவிசனில் 40 மலை (தேயிலைத் துண்டு). மலை_1, மலை_2 என்று, கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்புக்குள்ளேயே மாறிகளை உண்டாக்க என்ன கட்டளை?

அந்தக் கட்டளையே வேண்டாம். 'மலை' என்று ஒரே ஒரு டிக்‌ஷனரி போதும். சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல் அது: மலை நம்பர் அதன் சாவி, அன்றைய கொழுந்து எடை அதன் மதிப்பு. தொழிலாளரின் வேலை நாட்களைப் பதியும் செக்ரோலை எழுதுபவர் ஆளுக்கு ஒரு புத்தகமா வைத்திருக்கிறார்? ஒரு புத்தகம், ஆளுக்கு ஒரு வரி. இதுவும் அப்படித்தான். 40 தனி மாறிகளை வைத்துக்கொண்டு மொத்த எடையை எப்படிக் கூட்டுவீர்கள்? டிக்‌ஷனரி என்றால் ஒரே வரி. வரிசையாக அடுக்கும் லிஸ்ட்டும் ஆகும்தான், ஆனால் அதன் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும். இடையில் ஏதாவது மலை நம்பர் விடுபட்டிருந்தால் கணக்கு குழம்பிவிடும்.

கேள்வி (தலவாக்கலை): டிக்‌ஷனரியில் போட்ட ஒழுங்கு மாறிவிடுமா?

2018இல் வந்த பைதன் 3.7 முதல் மாறாது.

கேள்வி (பண்டாரவளை): லூப்பில் மாறி உண்டாக்கினேன், அப்படி ஒரு பெயர் இல்லை என்கிறது. ஏன்?

புரோகிராமும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இரண்டையும் அனுப்பாமல் கேட்காதீர்கள், போன மாதமும் சொன்னேன். ஊகித்துச் சொல்வதென்றால், ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) அதன் மாறிகளைக் காட்டும் லோக்கல்ஸ் (locals) தரும் டிக்‌ஷனரியில் எழுதியிருப்பீர்கள். அங்கே எழுதினால் மாறி உண்டாகாது. 2024இல் வந்த பைதன் 3.13 முதல் ஃபங்ஷனுக்குள் அது வெறும் பிரதி என்றே வரையறுத்துவிட்டார்கள். உங்களுக்கும் அதே பதில்தான்: டிக்‌ஷனரி.

கேள்வி (வெலிமடை): மரக்கறி விலைகளுக்குப் பயனர் தட்டும் பெயரிலேயே எக்ஸெக் (எழுத்தாகக் கொடுத்ததைக் கட்டளையாக ஓட்டும் exec) கொண்டு மாறி உண்டாக்கலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கரட், லீக்ஸ் வரை வேலை செய்யும். 'பச்சை மிளகாய்' என்று நடுவில் இடைவெளி விட்டுத் தட்டச் சொல்லுங்கள், நின்றுவிடும். அது சின்ன விஷயம். எக்ஸெக்குக்குப் பெயர் எது, கட்டளை எது என்று தெரியாது. பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினால் அதுவும் ஓடும்.

எனக்கு இதில் பட்ட வலி உண்டு. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் சம்பளக் கணக்குப் புரோகிராம் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் ஒரு மாறியை உண்டாக்கியது. ஒரே பெயரில் இரண்டு பெண்கள். இரண்டாமவரின் கணக்கு முதலாமவரின் மேல் எழுதப்பட்டு, 20 நாளுக்கு மேல் பேர் விழுந்தவருக்கு (வேலை நாள் பதிவானவருக்கு) 10 நாள் சம்பளமே வந்தது. பிழையைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. அந்தப் பெயரைப் புரோகிராம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது எங்கேயும் எழுதப்படவில்லை, ஓடும்போதுதான் பிறக்கிறது. அந்த மூன்று நாளும் அந்த அம்மா அலுவலக வாசலில் நின்றார். டிக்‌ஷனரியிலும் பெயரைச் சாவியாக்கினால் இதே கதைதான். அதனால் ஆட்களுக்குச் செக்ரோல் நம்பரே சாவி. விலைப் பட்டியலுக்கு மரக்கறிப் பெயர் சாவியாக இருக்கலாம், இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை. மறுபடியும் சொல்கிறேன்: தரவிலிருந்து வரும் பெயர் சாவி, நீங்கள் வைக்கும் பெயர்தான் மாறி.

கேள்வி (மஸ்கெலியா): பிஎச்பி என்ற இணையதள மொழியில் இரண்டு டாலர் குறி போட்டால் இது நடக்கிறதே?

நடக்கும். வேண்டாம். இணையப் படிவத்தில் வருவதெல்லாம் தானாகவே மாறியாகும் வசதியும் அந்த மொழியில் ஒரு காலத்தில் இருந்தது. பாதுகாப்புத் தொல்லையால் 2012இல், 5.4 பதிப்போடு, எடுத்தே விட்டார்கள். அங்கே சாவியும் மதிப்பும் வைக்கும் அரேயைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (ஹாலி எல): புதுச் சாவி வரும்போதெல்லாம் கீ எரர் (சாவி இல்லை என்ற பிழை). ஒவ்வொரு முறையும் இருக்கிறதா என்று சோதிக்க இஃப் போட வேண்டுமா?

வேண்டாம், இல்லாத சாவிக்குத் தானே ஒரு தொடக்க மதிப்பை வைக்கும் டிஃபால்ட்டிக்ட் (defaultdict) இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இல்லாத சாவியைச் சதுர அடைப்பில் சும்மா எட்டிப் பார்த்தாலும் அது உண்டாகிவிடும்.

கேள்வி (பதுளை, உயர்தர மாணவர்): மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. 2008இல் வந்த பைதன் 3 முதல் முடியும். சாவிகளில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. 'கொழுந்து' என்பதில் உள்ள ஒகரக் குறி சில கோப்புகளில் ஒரே எழுத்தாகவும், சிலவற்றில் எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் பதிந்திருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. மாறிப் பெயர் என்றால் பைதனே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சாவியாக வரும் எழுத்துச் சரத்தை அது தொடாது, அதனால் ஒரே கொழுந்து இரண்டு சாவியாகிவிடும். பைதனின் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியின் நார்மலைஸில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) கொடுத்து, உள்ளே போடும்போதும் தேடும்போதும் சாவியைச் சீராக்குங்கள்.