பாபினைத் திட்டுமுன் மேல் நூலைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் இந்தப் பகுதிக்குப் பட்டாசு விலையும் பலகாரச் சீட்டும்தான் கேள்விகளாக வரும். இந்த முறை தையல் மிஷின் முந்திக்கொண்டது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் பொங்கலுக்குத்தான் கிடைக்கும் என்று டெய்லர்கள் கைவிரித்துவிட்டதால், பெங்களூரில் வீட்டுக்கு வீடு மூலையில் கிடந்த மிஷின் கூடத்துக்கு வந்திருக்கிறது போலிருக்கிறது. நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் அல்சூரில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் சிவாஜி நகரில் ஒரு கடையில் மோட்டார் வைத்த ஜிக்ஜாக் மிஷின் வாங்கினேன். கடைக்காரர் தைத்துக் காட்டியபோது அழகாகத் தைத்தது. வீட்டிலும் பத்து நாள் நன்றாக ஓடியது. நூல் மாற்றியதிலிருந்து, துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கிக்கொள்கிறது. மேலே பார்த்தால் தையல் ஒழுங்காகத்தான் தெரிகிறது. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அலுத்துவிட்டேன். கடையில் கேட்டால், பாபினை உள்ளே வைக்கும் பாபின் கேஸ் போய்விட்டது, மாற்ற 800 ரூபாய், அது வாரண்டியில் வராது என்கிறார்கள். மிஷினையே திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: 800 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லையே? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: 'நூல் மாற்றியதிலிருந்து'.

சிக்கல் அடியில் தெரிவதால் பாபின் மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அடியில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் மேல் நூல்தான். மிஷினுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஊசி கீழே இறங்கி மேலே ஏறத் தொடங்கும்போது, நூல் ஒரு சின்ன வளையமாகப் பிரிகிறது. கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பெரிதாக இழுத்து, பாபினைச் சுற்றி ஒரு சுற்று வர வைக்கிறது. ஒரே ஒரு தையலுக்கு இவ்வளவு நூல் கீழே போகிறது. போன நூலை மேலே இழுத்துக்கொள்வது மிஷினின் முகப்பில் ஏறி இறங்குகிறதே, அந்தக் கை. டேக்அப் என்பார்கள். அது இழுக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டியது டென்ஷன் தட்டுகள். இந்த இரண்டில் ஒன்றிலிருந்து நூல் நழுவியிருந்தாலும், கீழே போன நூல் மேலே திரும்பாது. அங்கேயே குருவிக்கூடு கட்டிவிடும்.

டென்ஷன் தட்டுகள் எப்போது திறந்திருக்கும் தெரியுமா? துணியை அழுத்தும் பாதம் மேலே தூக்கியிருக்கும்போது மட்டும்தான். பாதத்தைக் கீழே இறக்கிவிட்டு நூல் கோர்த்தால், தட்டுகள் மூடியிருக்கும். நூல் உள்ளே போகாமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். நூறு மிஷின் பார்த்த மெக்கானிக்கூட அவசரத்தில் இதைத் தவற விடுவதுண்டு.

அதனால் மேல் நூலை முழுசாக உருவிவிடுங்கள். பாதத்தைத் தூக்குங்கள். பக்கச் சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றி, டேக்அப் கையை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தை எப்போதும் நம் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் நூல் சிக்கும். இப்போது நூல்கண்டிலிருந்து தொடங்கி, மிஷின்மேல் போட்டிருக்கும் அம்புக்குறிப்படி கோர்த்து வாருங்கள். டென்ஷனைத் தாண்டும்போது இரண்டு கையாலும் நூலைப் பிடித்து லேசாகச் சுண்டி இழுங்கள். டேக்அப் கையின் துளையில் நூல் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசிக்கு வாருங்கள். ஜிக்ஜாக் மிஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும், நூலை முன்னாலிருந்து பின்னால் விட வேண்டும்.

சரியாகக் கோர்த்தோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாதம் தூக்கியிருக்கும்போது நூலை இழுத்தால் தாராளமாக வர வேண்டும். பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் ஊசியே வளைகிற அளவுக்கு இறுக்கம் தெரிய வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் போகவில்லை.

அப்புறம் பாபின். உங்களுடையது மேலே மூடியைத் திறந்து பாபினைப் போடுகிற வகை என்றால், நூலை இழுக்கும்போது பாபின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் நூல் அந்தச் சின்னப் பிளவில் நிற்காது. பிளவுக்குள் இழுத்து, ஒரு சாண் நூலை வெளியே விட்டு, மேல் நூலின் நுனியைப் பிடித்தபடி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் அடிநூல் வளையமாக மேலே வரும். இரண்டு நூலையும் பாதத்துக்கு அடியில் பின்னால் தள்ளி, முதல் மூன்று நாலு தையல் விழும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே சிவப்பு, கீழே நீலம் போட்டு ஒரு பழைய துணியில் தைத்துப் பாருங்கள். டென்ஷன் எண் 4-ல் இருக்கட்டும். அடிப்பக்கம் சிவப்பு வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் நூல் தளர்ந்திருக்கிறது, எண்ணைக் கூட்டுங்கள். மேல்பக்கம் நீலப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம், குறையுங்கள். பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். அதைத் திருகித்தான் பல பேர் நல்ல மிஷினைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் கூடு கட்டினால், சட்டத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் வாரண்டி அட்டை கையில் இருக்கிறது. கடையை விட்டுவிட்டு, அட்டையில் உள்ள கம்பெனி சர்வீஸ் எண்ணுக்கே பேசுங்கள். 'பாபின் கேஸ் வாரண்டியில் வராது' என்பது அட்டையில் எழுதியிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். ஊசி, பாபின், பெல்ட் போன்ற தேய்மானச் சாமான்களைப் பொதுவாக விலக்கியிருப்பார்கள். மற்றதைக் கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சேர்க்க முடியாது. எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியும் கைவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கோலார் தங்கவயலில் என் அம்மா ஊருக்கே தைத்துக் கொடுத்த கறுப்பு மிதி மிஷின் இப்போது ஸ்ரீராமபுரத்தில் என்னிடம் இருக்கிறது. பழைய பாபின்கள் துருப்பிடித்துவிட்டன. சிக்பேட்டையில் ஒரு டஜன் புதிது வாங்கினேன். சில சரியாக உட்காருகின்றன, சில கடகடவென்று சத்தம் போடுகின்றன. பாபின் சுற்றினாலும் நூல் தொளதொளவென்றுதான் நிற்கிறது. புது மிஷின் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மிஷினை விற்றால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். அது செய்கிற நேர்த்தையலை இன்றைய விலை குறைந்த பிளாஸ்டிக் மிஷின் செய்யாது.

நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மிஷின்கள், முதுகில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், பெரும்பாலும் சிங்கர் கம்பெனி 1879-இல் கொண்டுவந்த 15-ஆம் மாடலின் வாரிசுகள். அதனால்தான் அந்த அளவு பாபினுக்கு இன்றைக்கும் 'க்ளாஸ் 15' என்று பெயர். விட்டம் 20 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், உயரம் 12-க்குச் சற்றுக் குறைவு. கார்மென்ட்ஸில் ஓடும் பவர் மிஷினுக்கான பாபினும் விட்டத்தில் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் உயரம் 9 மில்லிமீட்டர்தான். டப்பாவில் இரண்டும் கலந்து கிடக்கும். உங்கள் டஜனில் சத்தம் போடுகிறவற்றைப் பழைய பாபின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாக இருக்கும். அடுத்த முறை பாபினை மட்டும் கேட்காமல் பாபின் கேஸையும் கையோடு கொண்டுபோய், உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் நகத்தில் தட்டும், அதைத் தள்ளிவிடுங்கள்.

நூல் தொளதொளப்புக்குக் காரணம் அநேகமாகப் பாபின் சுற்றும் கருவியில் இருக்கும் ரப்பர் வளையம். காய்ந்து போனால் சக்கரத்தில் பிடிக்காமல் வழுக்கும். மிகச் சின்னச் சாமான். காசும் பெரிதாக இல்லை. இன்னொன்று, நூலைக் கண்டிலிருந்து நேரே பாபினுக்குக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் சுற்றுவதற்கென்றே ஒரு சின்ன டென்ஷன் தட்டு இருக்கிறது, அதன் வழியாக விட வேண்டும். பழைய நூல் மிச்சத்தின்மேல் புது நூல் சுற்றுவது அம்மா காலத்துச் சிக்கனம், அதை விட்டுவிடுங்கள். விளிம்புவரை ரொம்பவும் நிரப்பவும் வேண்டாம்.

சுற்றும்போது பக்கச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் ஊசி ஆடாது. முடிந்ததும் மறக்காமல் இறுக்குங்கள். மத்திகெரேயில் என் அக்கா இதை மறந்துவிட்டு, மிஷின் செத்துவிட்டது என்று மெக்கானிக்கை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தாள். அவர் திருகை இறுக்கிவிட்டு, காபி குடித்துவிட்டு, ஆட்டோ காசை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். எல்லா மெக்கானிக்கும் அப்படி இருக்க மாட்டார்கள். புது மோட்டார் மிஷின்களில் இதே தவறு வேறு மாதிரி நடக்கும்: பாபின் சுற்றும் முளையை வலப்பக்கம் தள்ளியபடியே விட்டுவிட்டால், பல மாடல்களில் மோட்டார் ஓடும், ஊசி அசையாது.

உங்கள் மிஷினில் பாபினைக் கேஸில் போட்டு, பாபின் தெரியும் பக்கத்தை உங்களை நோக்கிப் பிடித்து நூலை இழுத்தால், அது கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். மேலே சொன்ன மூடி வகைக்கு இது நேர் எதிர். கேஸை மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதல் தையலிலேயே ஊசி உடையலாம். ஊசியை எந்தப் பக்கமாகக் கோர்ப்பது என்று சந்தேகம் வந்தால் ஊசியையே பாருங்கள். நீளமான பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். இது எந்த மிஷினுக்கும் பொருந்தும்.

கேள்வி: கண் மங்கலாகிவிட்டது. ஊசியில் தானாக நூல் கோர்க்கும் வசதி உள்ள மிஷினுக்கு இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அதற்காக மட்டும் வேண்டாம். நூலைக் கோர்க்கும் அந்தக் குட்டிக் கொக்கி முடி போல மெல்லியது; ஊசி உச்சியில் இல்லாதபோது அழுத்தினால் வளைந்துவிடும். மெல்லிய 9-ஆம் எண் ஊசிக்குள் பல மிஷின்களில் அது நுழையவும் நுழையாது. நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துக் கோர்த்துப் பாருங்கள். மீதி இரண்டாயிரத்துக்கு நல்ல விளக்கு ஒன்றும் கண்ணாடி கடையில் ஒரு பரிசோதனையும் ஆகும்.

கேள்வி: பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தைக்கலாம் என்று இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஜூக்கி பவர் மிஷின் பேசியிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று புரோக்கர் சொல்கிறார், உண்மையா?

பதில்: புரோக்கர் பாதி உண்மையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார் என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தினால், அவரும் நுகர்வோர்தான். அதே சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆனால் பில் வேண்டும். மிஷின் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்றால் அந்தப் பேரம் வேண்டாம்.

மிஷினை நீங்கள் பார்த்துப் பழகியவர், உங்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் கம்பெனியில் லைனில் உட்காரும்போது மெக்கானிக் கோர்த்துக் கொடுத்த மிஷினில் தைப்பது வேறு. இங்கே விற்கிறவர் கோர்த்து வைத்ததை முழுக்க உருவிவிட்டு, நீங்களே நூல்கண்டிலிருந்து ஊசிவரை கோர்த்துத் தையுங்கள். பாபினையும் அங்கேயே காலியாக்கிச் சுற்றிப் பாருங்கள். துணியும் நூலும் உங்களுடையதாக இருக்கட்டும்: ஒரு மெல்லிய பாப்லின், ஒரு ஜீன்ஸ் துண்டு. ஓடும்போதே நூல் பிசிறி அறுந்தால் கொக்கி முனை தேய்ந்திருக்கலாம். பாபினை எடுத்துவிட்டு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். அடியில் எண்ணெய்த் தட்டு காய்ந்து கிடந்தால் விலையைக் குறைத்துக் கேட்க அது ஒன்றே போதும்.

மோட்டார் க்ளட்ச் வகையா சர்வோ வகையா என்று கேளுங்கள். க்ளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இரைச்சலும் உண்டு. சர்வோ மிதித்தால் மட்டும்தான் ஓடும். வாடகை வீட்டில், கீழ்வீட்டுக்காரர் காது கூர்மையானவர் என்றால், சர்வோவுக்கு மாற்ற ஆகும் செலவையும் பேரத்தில் கழித்துக் கேளுங்கள். ஊசி உருண்டைத் தண்டு உள்ள டிபி×1 (DB×1) வகை. வீட்டு மிஷின் ஊசி இதற்குச் சேராது. தட்டைப் பக்கம் இல்லாததால் நீளப் பள்ளம் இடப்பக்கம் பார்க்கும்படி பார்த்துத் திருகுங்கள், நூல் இடமிருந்து வலம். பாபினும் குட்டை வகைதான். இரண்டாவது கேள்வி கேட்ட ஸ்ரீராமபுரத்துக்காரரிடம் சத்தம் போடும் அரை டஜன் மிச்சமிருக்கும், அவருக்கும் பிரயோஜனமில்லை.