என்.ஆர்.சி. 0.85 டைல் போட்டும் பக்கத்து அறைப் பேச்சு கேட்கிறது: பாக்கிப் பணத்தை நிறுத்தலாமா?

கேள்வி: மனநல ஆலோசனை மையம் நடத்துகிறேன். ஆறு அறைகளுக்கும் சேர்த்து 240 சதுர மீட்டர் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். விலைப்புள்ளியில் ‘ஒலித்தடுப்பு டைல், என்.ஆர்.சி. 0.85’ என்று இருந்தது. “பக்கத்து அறைக்குப் பேச்சு கேட்கக் கூடாது” என்று ஆர்டருக்கு முன்பே மெயில் அனுப்பினேன். “இந்த டைல் போதும்” என்று பதில் வந்தது. இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. செல்போன் ஆப்பில் அளந்தால் குறைவது சில டெசிபல்தான். இரண்டு அறைகளில் டைல்கள் நடுவில் தொங்கவும் ஆரம்பித்துவிட்டன. ஒப்பந்ததாரர் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, சரக்கு சரியானது என்கிறார். பாக்கி 30 சதவீதத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். வழக்கு நிற்குமா?

பதில்: ‘டைல் தரமற்றது’ என்று நோட்டீஸ் விட்டால், அந்த லேப் ரிப்போர்ட் ஒன்றே உங்களைத் தோற்கடிக்கப் போதும். ‘எதற்கு வேண்டும் என்று தெரிந்தே, அதற்கு உதவாத சரக்கைப் பரிந்துரைத்தார்’ என்று விட்டால் வழக்கு நிற்கும். வழக்கின் உயிர் விலைப்புள்ளியில் இல்லை, அந்த இரண்டு மெயில்களில் இருக்கிறது.

என்.ஆர்.சி. என்பது ஒலியை உறிஞ்சும் அளவு. ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் சி423 முறைப்படி, எதிரொலி அறையில் டைல்களைப் பரப்பிச் சோதிப்பார்கள். 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அலைவரிசைகளில் கிடைக்கும் மதிப்புகளின் சராசரியை 0.05-க்கு முழுமையாக்கினால் என்.ஆர்.சி. வரும். அதாவது 0.83 வந்தாலும் 0.87 வந்தாலும் அச்சாவது 0.85தான். ஒரே அறைக்குள் எதிரொலி எவ்வளவு அடங்கும் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. சுவருக்கு மேலே ஏறி, சீலிங்குக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவிலுள்ள வெளி வழியாக அடுத்த அறையில் இறங்கும் ஒலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. அதை அளப்பது சி.ஏ.சி. என்ற வேறொரு எண்; அதன் சோதனை முறை ஏ.எஸ்.டி.எம். இ1414. நன்றாக உறிஞ்சும் டைல் நுண்துளைகள் நிறைந்து லேசாக இருக்கும். பின்பக்கம் கனமான அடுக்கு இல்லையென்றால் ஒலி அதை ஊடுருவி மேலே போய்விடும். ஆகவே 0.85 உண்மையாகவும் இருக்கலாம், உங்கள் புகாரும் உண்மையாக இருக்கலாம்.

விலைப்புள்ளியில் அவரே எழுதிய ‘ஒலித்தடுப்பு’ என்ற சொல் உங்களுக்குச் சாதகம். உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. சரக்கு அதன் விவரணைக்குப் பொருந்த வேண்டும், வாங்குபவர் சொன்ன நோக்கத்துக்கு உதவ வேண்டும் என்பவை விற்பனைச் சட்டத்தின் அடிப்படைகள். ஒரு சொல் இரு பொருள் தந்தால், அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே நீதிமன்றங்கள் பொதுவாக எடுக்கும்.

இனி அந்த லேப் ரிப்போர்ட். முதலில் தடிமனைப் பாருங்கள். சோதித்தது 20 மி.மீ. டைலாகவும் வந்து இறங்கியது 15 மி.மீ. டைலாகவும் இருந்தால் அது தனியொரு ஒப்பந்த மீறல். பெட்டி லேபிளில் உள்ள மாடல் எண், விளிம்பு வகை, தொகுதி எண் எல்லாவற்றையும் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். அடுத்தது பொருத்தும் முறை. ‘இ-400’ என்று இருந்தால் டைலின் வெளிமுகத்துக்கும் பின்னாலுள்ள தளத்துக்கும் நடுவே 400 மி.மீ. விட்டுச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் இடத்தில் 150 மி.மீ.தான் என்றால் தாழ்ந்த அலைவரிசைகளில் அதே மதிப்பை எதிர்பார்க்க முடியாது. அதை வைத்து வாதம் கட்டாதீர்கள். சோதனைக்கூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025-இன் அங்கீகாரம் லேபுக்கு உண்டா, அதில் இந்தச் சோதனை அடங்குமா என்றும் கேளுங்கள். சிலர் ஏ.எஸ்.டி.எம். இ84 ‘கிளாஸ் ஏ’ சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்துக் கோப்பைக் கனமாக்குவார்கள். அது டைலின் மேற்பரப்பில் தீ பரவும் வேகத்தையும் புகையையும் பற்றியது. ஒலிக்கு அதில் வேலையில்லை.

ஆப் அளவை நோட்டீஸில் எழுதவே வேண்டாம். குறுக்கு விசாரணையில் “அந்த மைக்கை யார் அளவுதிருத்தம் செய்தது?” என்ற ஒரே கேள்வியில் அது விழுந்துவிடும். ஒலியியல் பொறியாளரை அமர்த்தி, ஏ.எஸ்.டி.எம். இ336 அல்லது ஐ.எஸ்.ஓ. 16283-1 முறைப்படி இரு அறைகளுக்கு இடையே அளக்கச் சொல்லுங்கள். அப்படிக் கிடைக்கும் எண்ணையும் லேபின் சி.ஏ.சி. எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. லேபில் விளக்குக்காக வெட்டிய துளையும் ஏ.சி. கிரில்லும் இல்லாத முழு சீலிங்கைச் சோதிப்பதுதான் வழக்கம். உங்கள் அறையில் அவை எல்லாம் இருக்கும்.

எதிர்த்தரப்பு எப்படியும் “ஒலி கதவிடுக்கிலும் சுவரிலும் போகிறது” என்று சொல்லும். அதை முன்கூட்டியே அடைக்க ஒரு வழி உண்டு. இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை அளக்கட்டும். பிறகு சுவர் முடியும் இடத்திலிருந்து தளம் வரை ஜிப்சம் போர்டை தற்காலிகமாக நிறுத்தி, இடுக்குகளை அடைத்து, மறுபடி அளக்கட்டும். இரு அறைகளுக்கும் இடையே ஒலி குறையும் அளவு கணிசமாக உயர்ந்தால் ஒலி சீலிங் வழியாகத்தான் போகிறது என்பது நிரூபணம். உயராவிட்டால் உங்கள் எதிரி டைல் அல்ல. செலவு அதிகமாவதற்கு முன்பே அது தெரிவதும் நல்லதே.

தொங்கும் டைல் தனிக் கதை, இன்னும் எளிதானது. காரணம் பெரும்பாலும் ஈரப்பதம். ஐரோப்பியத் தரமான இ.என். 13964-இல் ‘ஏ’ வகுப்பு 70 சதவீத ஈரப்பதம், 25 டிகிரி செல்சியஸ் வரை. ‘பி’ வகுப்பு 90 சதவீதம், 30 டிகிரி வரை. எந்த வகுப்பு என்று சொல்லி விற்றார் என்பதே கேள்வி. ஏ.சி. ஓடத் தொடங்கும் முன்பே டைல் ஏற்றியிருந்தால் தேதியோடு குறியுங்கள், அது பொருத்தியவர் பிழை. இரவில் ஏ.சி.யை அணைத்துவிடுவீர்களா என்று அவரும் கேட்பார். பதிலைத் தயாராக வையுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாலைந்து டைல்களைக் கழற்றி லேபுக்கு அனுப்பினால் பயன் இல்லை. சி423 சோதனைக்கு வழக்கமான பரப்பு சுமார் 6.7 சதுர மீட்டர். 600 x 600 மி.மீ. டைலில் 19 வேண்டும். அதே உறிஞ்சும் சோதனையின் ஐ.எஸ்.ஓ. 354 முறை என்றால் 10 முதல் 12 சதுர மீட்டர், குறைந்தது 28 டைல். பிரிக்காத பெட்டிகள் மிச்சமிருந்தால் அவற்றைத் தொடாமல் வையுங்கள். ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் தேதி கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, சீல் வைத்து, மகஜரில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வராவிட்டால் அதையும் மகஜரிலேயே பதியுங்கள். கறையை மறைக்க டைலில் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். துளைகள் அடைபட்டு, சோதனை முடிவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மறுசோதனையில் 0.80 வந்தாலும் துள்ள வேண்டாம். லேபுக்கு லேப் அந்த ஒரு படி மாறக்கூடியதுதான்.

30 சதவீதம் முழுவதையும் காரணம் சொல்லாமல் பிடித்து வைப்பது ஆபத்து. வட்டியோடு கேட்டு அவரே முந்திக்கொண்டு வழக்குப் போடலாம். தொங்கும் டைல்களை மாற்றும் செலவையும், சுவருக்கு மேல் தடுப்பு போடும் செலவையும் இரண்டு மதிப்பீடுகளாக வாங்கி, அவற்றுக்கு ஈடான தொகையை மட்டும் ‘ஈடுகட்டலுக்காக நிறுத்தி வைத்தது’ என்று எழுதித் தெரிவியுங்கள். மிச்சத்தை ‘உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்’ என்ற குறிப்போடு செலுத்திவிடுங்கள். சுவரைக் கட்டியது வேறொருவர் என்றால், அது சீலிங் மட்டத்தோடு நின்றதை ஒப்பந்ததாரர் கேடயமாக்குவார். சுவர் அப்படி நிற்பதைப் பார்த்த பிறகும் “போதும்” என்றாரா, பார்க்காமலே சொன்னாரா என்பதை மெயில் தேதியும் அவர் இடத்தைப் பார்வையிட்ட தேதியும் காட்டும்.

பல மாதங்கள் பயன்படுத்திய சரக்கைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்பது நடக்காது. இழப்பீடோ விலைக் குறைப்போதான் வழி. குறையை எழுத்தில் தெரிவிக்கத் தாமதித்தால் அதுவும் மெலிந்துகொண்டே போகும். எனவே இந்த வாரமே அறை எண், டைல் எண்ணிக்கை, தேதியிட்ட படங்கள் சேர்த்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பொறியாளர் அறிக்கை பின்னால் வரட்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சமரசத் தீர்ப்பாயப் பிரிவு இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிவிட்டு அதன்பிறகே நீதிமன்றப் படியேறுங்கள்.