அயோவாவில் ஒரு வட்டுக்கோட்டை

வணக்கம் சேர்,

எனக்கு ஊர் யாழ்ப்பாணத்து அராலி. உயர்தரம் கணிதப் பிரிவில் செய்தேன். பொறியியலுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதவில்லை. உதவிப்பணம் கிடைத்து இப்போது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் முதலாம் வருடம். முழுக் கல்லூரிக்கும் ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள்தான், சுற்றிவரச் சோளக்காடு. ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் அது பெரிய வகுப்பு. இந்தத் தவணை நுண்கணிதம், நிலவியல், சமய வரலாறு, எழுத்துப் பயிற்சி என்று நாலு பாடம். எதில் பட்டம் என்பதை இரண்டாம் வருட முடிவில் சொன்னால் போதுமாம். "ஆக்கள் கேக்கினம், நான் என்னத்தைச் சொல்ல?" என்று அம்மா கிழமைக்கு ஒருக்கால் கேட்கிறா. "கல்லும் மண்ணும் படிக்கவே அவ்வளவு தூரம் போனவன்?" என்று மாமா சிரித்தாராம். பேசாமல் கணினிக்கு மாறிவிடட்டுமா? பின்னேரங்களில் இங்கே போக்கிடமும் இல்லை.

வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் மாமாவின் கல்லையும் மண்ணையும் பார்ப்போம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. உமது ஊர்ப்பக்கம் கடலில் விழும் வழுக்கியாறும் மாரிக்கு மட்டுந்தான். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணீரை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியா அந்தக் கல் வெடிப்புகளுக்குள்ளால் திரும்பக் கிணற்றுக்கே இறங்குகிறது. இப்படி உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் எங்கள் தோட்டப் பகுதிகளில் நிறைய. உம்முடைய அயோவாவுக்கும் இதே வருத்தம்தான். சோளத்துக்குப் போட்ட உரம் ஆற்றில் சேர, தலைநகர் டெ மொய்னின் குடிநீர்த் துறை நைத்திரேற்றை அகற்றவென்றே தனி நிலையம் கட்டி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தானுக்கு நிலவியல் உதவாது என்றால் வேறு யாருக்கு உதவும்? உமது நிலவியல் ஆசிரியரின் அறைக்குப் போய் உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லும். இருநூறு பேர் மண்டபத்தில் குந்தியிருந்தால் அவருக்கு உமது பெயரே தெரிந்திராது. அம்மாவும் ஆக்களுக்கு, மகன் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறான் என்று தாராளமாகச் சொல்லலாம். பொய்யில்லையே.

இப்படியொரு கல்லூரி உமது வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்திலேயே இருந்தது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியைச் சொல்கிறேன். அதன் முதல் அதிபர் டானியல் பூவர், நியூ ஹாம்ப்சயரில் ஒரு சிற்றூரிலுள்ள டார்ட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்றவர். வயல்வெளி நடுவே விடுதி போட்டு, ஒரே பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம், ஆங்கிலம், சமஸ்கிருதம், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், வானியல் எல்லாம் படிப்பித்தார்கள். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் நேரத்தைப் பற்றி அராலிப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாருக்கும் பூவருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. எது சரி என்று பார்க்க ஆட்கள் அன்றிரவு வானத்தைப் பார்த்தார்கள். உமது ஊர்க்காரர் அந்தமுறை தோற்றார் என்பதற்காகக் கோபிக்க வேண்டாம். பின்னால் வந்த ஹொய்சிங்டன் என்ற அதிபர், எங்கள் பழைய வானியல் கணக்குமுறையைப் படித்து 1848இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். ஒரு கிராமத்துக் கல்லூரியில் இது நடந்தது.

அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெள்ளாளர். தொடக்கத்தில், கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்ததைத் தொடமாட்டோம் என்று வீட்டுக்காரர் நிற்க, பக்கத்துச் சைவக் காணியில் குசினி போட வேண்டி வந்தது. பாடம் ஓரிடம், சோறு ஓரிடம்! படிப்பைவிடப் பந்திதான் கடினமாக இருந்திருக்கிறது.

1855இல் செமினரியை மூடினார்கள். மதம் பரப்ப ஆள் எடுக்கத் தொடங்கிய இடம் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் அனுப்புகிறதே என்பது மேலிடத்தின் மனக்குறை. 'இதைப் படித்து என்ன பயன்' என்ற கேள்வியை எங்கள் மண்ணில் பெரிதாகக் கேட்டவர்கள் அவர்கள். உமது மாமா பிந்தித்தான் வருகிறார். மூடி மூன்று வருடத்துக்குள், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவராக வந்து நின்றவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குப் பகுதியில் வேலை பார்த்தார், பிறகு சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியானார், இதற்கிடையில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். இதை எந்தப் பிரிவில் போடுவீர், கணிதமா, கலையா? எங்கள் பிள்ளைகளை ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு ஒரு பிரிவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம். அதன்பிறகு மருத்துவபீடத்துப் பிள்ளை கலைப்பீடத்துப் பிள்ளையோடு ஒரு வாங்கில் இருந்து ஒரு பாடம் கேட்க வழியில்லை.

பின்னேரங்களைப் பற்றி எழுதியிருந்தீர். சாப்பாட்டு மண்டபத்தில் தட்டை வைத்துக்கொண்டு நேரம் போக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. செமினரியின் வழியில் 1872இல் வந்தது யாழ்ப்பாணக் கல்லூரி. அங்கே படித்து அங்கேயே படிப்பித்த ஹன்டி பேரின்பநாயகத்தை நடுவில் வைத்து 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற இயக்கம் எழுந்தது, பிறகு அதுவே வாலிபர் காங்கிரசானது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டவர்களும் அவர்கள்தான். சாதி பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்று மாநாட்டிலேயே சமபந்தி வைத்தார்கள். பக்கத்துக் காணியில் தனிக் குசினி கேட்ட ஊரில் இது நடக்க ஏறக்குறைய நூறு வருடம் எடுத்திருக்கிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத படிப்பு.

சின்ன இடத்தின் தொல்லையும் உண்டு. ஆயிரம் பேருக்குள் ஒருவரோடு கொழுவிக்கொண்டால் நாலு வருடமும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஊர்க்கதையும் உண்டு, அதில் எங்களுக்குப் பயிற்சி போதும்.

கணினியைப் பற்றி. வயிற்றுப்பாட்டை மறந்து எழுதுகிறவன் அல்ல நான். இப்போதைய விதிப்படி மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பட்டம் முடிந்தபின் துறைசார் வேலைக்கு 12 மாதம் கிடைக்கும். விஞ்ஞான, தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பட்டியலில் உள்ள பாடமென்றால் மேலும் 24 மாதம். நிலவியல், கணிதம், கணினி மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஆகவே அவசரப்பட்டு ஓடத் தேவையில்லை. அடுத்த தவணை கணினியில் ஒரு பாடம் எடுத்துப் பாரும், பிடித்தால் இரண்டு துறையிலும் பட்டம் செய்யலாமா என்று ஆலோசகரைக் கேளும். சமய வரலாற்றை இடையில் விட்டுவிட வேண்டாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒவ்வொரு வருடமும் விசாரித்துக்கொள்ளும். போன கையோடு, டிசம்பர் விடுமுறையில் விடுதியைப் பூட்டுவார்களா என்றும் கேட்டு வையும். பல சின்னக் கல்லூரிகளில் பூட்டிவிடுவார்கள், அந்தக் குளிரில் கடைசி நேரத்தில் இடம் தேடி அலையக்கூடாது.